அது யாருடைய பிள்ளை என்று தேடாதீர்கள்



பெயரை மறைத்து ஒரு பிள்ளை கொன்பெஷன் பக்கத்தில் மனதைத் திறந்தால், எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் முதலில் வரும் கேள்வி "இது யாருடைய பிள்ளை?" "பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்பவர் குறைவு.

1990 ஒக்டோபரில் துரத்தப்பட்டு, சிதறி, மீண்டும் சோனகத் தெருவுக்கு வந்து சேர்ந்த சின்னச் சமூகம் நாங்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால்தான் பிள்ளை முகத்தை மறைக்கிறது.

அந்த மறைவிலும் வியாபாரம். பெயர் சொல்லாமல் செய்தி அனுப்ப வைக்கும் என்.ஜி.எல் செயலி, தானே பொய்ச் செய்திகளை அனுப்பிவிட்டு, அனுப்பியவரைக் காட்டுவதாகக் காசு வாங்கியது என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2024இல் 50 இலட்சம் டொலர் கட்டவும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் செயலியை வழங்காதிருக்கவும் நிறுவனம் இணங்கியது.

செயலியைத் திட்டுவது சுகம். ஆனால் பிறர் குறையைத் துருவுவதை சூரா ஹுஜுராத் தடுத்திருக்க, ஸ்கிரீன்ஷாட்டைப் பரப்புவது யார்? நாங்கள்தானே! ஆசிரியர்களாகிய நாங்களும் பிள்ளை நம்பிச் சொன்னதை மற்ற ஆசிரியர்களோடு கதைத்திருக்கிறோம்.

இனி வந்தால் அழிப்போம். பிள்ளை பேசும்போது குறுக்கே புத்தி சொல்லாமல் கேட்போம். ஆபத்தென்றால் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைப்போம். வீட்டில் கேட்க ஒரு காது இருந்தால், பிள்ளை ஏன் ஊருக்குச் சொல்லப் போகிறது?