மண்பானையும் பதினெட்டாயிரம் ரூபாய் ஒயரும்

போன மாதம் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். உடன் நின்ற நண்பர் இளையராஜாவின் பேஸ் கிட்டார் பற்றி நாலாயிரம் சொற்களில் ஒரு கட்டுரை எழுதியவர். நல்ல கட்டுரைதான். 'மூடுபனி' (1980) படத்தில் யேசுதாஸ் பாடிய அந்த கிட்டார் பாட்டில், பேஸ் எப்படிப் பாடகருக்குக் கீழே தனியாக ஒரு கதை சொல்கிறது என்று அதில் இரண்டு பத்தி வரும். "எதுல கேட்டீங்க?" என்றேன். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார். ஹெட்போனா என்று கேட்டதற்கு, "இல்ல, இதோட ஸ்பீக்கர்தான். சமைக்கும்போது கேப்பேன்" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான்: "இசை கேக்க மனசு போதும் தலைவரே, மத்ததெல்லாம் பணக்காரன் விளையாட்டு."

போதாது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அடுத்தது 55, அதற்கடுத்தது 73, கடைசித் தந்தி 98. செல்போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் நகக்கண் அளவு. பெரும்பாலான போன்களில் அது சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே மூச்சை விட்டுவிடும். அதாவது அந்தத் தந்திகளின் அடிப்படைச் சுருதி ஒன்றுகூட நண்பரின் சமையலறைக் காற்றில் வரவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் விசேஷம். அடிச்சுருதி இல்லாவிட்டாலும் அதன் மேலடுக்கு அதிர்வுகளை வைத்து 'இங்கே இந்தச் சுரம் இருந்திருக்க வேண்டும்' என்று மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும். ஒலியியலில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆகவே அவருக்குச் சுரம் தெரிந்தது, உடம்பு தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையை வைத்து அது மீன் குழம்பு என்று சரியாகச் சொல்லலாம். சாப்பிட்டேன் என்று சொல்லக்கூடாது.

கச்சேரி கேட்பவர்களுக்கும் இதே கதிதான். மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பி, ரவையைப் பிசைந்து அப்பிச் சுருதியைக் கீழே இறக்கிய பக்கம். கச்சேரி தொடங்கும் முன் வித்வான் குனிந்து உட்கார்ந்து அதை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். போனில் கேட்டால் அந்த ரவையும் போச்சு, உழைப்பும் போச்சு. வலந்தலையின் 'டிங் டிங்' மட்டும் மிஞ்சும். பாதி வாத்தியத்தைக் கேட்டுவிட்டு "இன்னைக்கு தனி பிரமாதம்" என்று பதிவு போடுகிறோம். சர் சி.வி. ராமன் இந்த வாத்தியத்தின் தோலையும் அதன் நடுவிலுள்ள கருப்பு வட்டத்தையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு 1920இலும் 1934இலும் கட்டுரை எழுதினார். மற்ற தோல்கருவிகளில் கலைந்து வரும் மேலதிர்வுகள் இதில் மட்டும் எப்படிச் சுருதி சேர்ந்து நிற்கின்றன என்பது அவர் கேள்வி. அளந்து பார்ப்பது இசையை அவமதிப்பது என்று அவருக்குத் தோன்றவில்லை. நமக்குத்தான் ஹெர்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ரசனை கற்பிழந்துவிட்ட மாதிரி ஒரு பதற்றம்.

சினிமா விஷயத்தில் இதே ஆட்கள் எவ்வளவு கறார் தெரியுமா? "அதையெல்லாம் தியேட்டர்லதான் பாக்கணும், போன்ல பாத்துட்டு பேசாதீங்க" என்பார்கள். மொழிபெயர்ப்பு நாவலில் ஒரு பத்தி விடுபட்டால் மூன்று வாரம் சண்டை நடக்கும். பாட்டில் மட்டும் கீழ்ப்பாதி முழுவதும் விடுபட்டிருந்தால் பரவாயில்லை, மனசு இருக்கிறதே!

'பணக்காரன் விளையாட்டு' என்ற பகுதிக்கு வருகிறேன். இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைப்பது, ஏனென்றால் இது வரலாற்றுப்படி தவறு. தமிழ்நாட்டில் நல்ல சத்தத்துக்காகச் செலவழித்தவர்கள் யார்? டீக்கடைக்காரர்கள், சலூன்காரர்கள், தனியார் டவுன் பஸ் முதலாளிகள், ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர்கள். துண்டுச்சீட்டில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொடுத்து, டிடிகே கேசட்டில் பதியச் சொல்லி, மூன்று நாள் காத்திருந்து வாங்கிப்போன கூலித் தொழிலாளிகள். லிஸ்டோடு சேர்த்து "பேஸ் கொஞ்சம் தூக்கி வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போன அந்த மனிதருக்கு எந்த இசை விமர்சகரைவிடவும் காது இருந்தது. 4440 ஐசி போட்ட அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர் எத்தனை கிராமங்களில் பாடியிருக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால், அது நம் இலக்கிய இயக்கங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய இயக்கமாக இருக்கும். (சரி, கொஞ்சம் மிகை. ரொம்ப இல்லை.)

பிறகு மண்பானை. எட்டு இஞ்ச் ஸ்பீக்கரைப் பானையின் வாயில் கவிழ்த்துக் கட்டி மூலையில் வைப்பது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அப்பா ஒட்டன்சத்திரம் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்தினார். பழுதான ஸ்பீக்கர்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை, பானைக்கு அம்மாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. வெறும் ஸ்பீக்கரில் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் செத்துப்போகும். பின்பக்கத்தைப் பானைக்குள் அடைத்துவிட்டால் அந்தச் சண்டை நிற்கும். வளைந்த சுவர் என்பதால் பெட்டியில் வருவதுபோல எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே ஒலி மாட்டிக்கொண்டு நிற்பதும் குறைவு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் ஒரு கட்டுரை எழுதினார், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் அதை விரித்தெடுத்தார். இந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்பதை அதன்பிறகு கணக்குப் போட்டே சொல்லிவிட முடிந்தது. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் அந்தச் சூத்திரங்களைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பாடப்புத்தகம் அல்ல, எங்கள் வீட்டுப் பானை. அப்பா தட்டிப் பார்த்தும் கேட்டும் மூன்று பானை மாற்றிவிட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு தீபாவளி விடுமுறையில் அதில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். பதினான்கு லிட்டர். என் கணக்கில் பதினாறு வந்தது. "ரெண்டு லிட்டர்தானே, அது ஒரு பெரிய விசயமா கண்ணு" என்றார்.

சரி, பணக்காரன் விளையாட்டு என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. அதையும் திட்டாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை, ஏனென்றால் நானே அதில் விளையாடித் தோற்றவன். வேலைக்குப் போய் நாலாவது வருஷம் போனஸ் வந்தது. பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஒயர் வாங்கினேன். ஒயர்! கனமாக, பாம்புத்தோல் மாதிரி உறை போட்டு, மரப்பெட்டியில் வந்தது. மாட்டினேன். வயலின்கள் விலகி நின்றன, மேடை அகலமானது, யேசுதாஸ் ஒரு அடி முன்னால் வந்தார். எல்லாம் கேட்டது. நண்பர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன், அவர்களுக்கும் கேட்டது. என் மனைவிக்கு மட்டும் கேட்கவில்லை. "நீ கண்ண மூடு, நான் மாத்தி மாத்தி மாட்டுறேன்" என்றாள். பதினாறு தடவை. பழைய ஒயரா புதிய ஒயரா என்று ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு சரியாகச் சொல்லியிருந்தால் எனக்கு உண்மையிலேயே ஏதோ கேட்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். ஏழு சொன்னேன். நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தால் எட்டு வந்திருக்கும்.

எனக்கு மட்டும் நடந்ததல்ல. மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்துல்லிய டிஸ்க்கை அப்படியே போட்டும், அதே ஒலியைச் சாதாரண சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை. சரிபாதிக்குச் சற்றுக் கீழே. 2022இல் நடந்தது இன்னும் வேடிக்கை. மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகளை 'டிஜிட்டல் தீட்டுப் படாத தூய அனலாக் ஒலி' என்று தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவற்றில் பல தட்டுகள் 2011 முதலே டிஜிட்டல் பிரதி வழியாகத்தான் தயாரானவை என்று அவர்களின் பொறியாளர்களே அந்த வருஷம் ஒப்புக்கொண்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு காதும் கண்டுபிடிக்கவில்லை. தங்கக் காதுகள் என்று இவர்களை ஆங்கிலத்தில் சொல்வார்கள். தங்கம்தான், கேட்காத உலோகம்.

இந்த ஒயர் வியாபாரியும் என் டீக்கடை நண்பரும் எதிரெதிர் ஆட்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, இரண்டு பேரும் கூட்டாளிகள். நல்ல ஒலி என்றால் லட்சக்கணக்கில் செலவாகும் என்று ஒருவர் சொல்கிறார். அதை அப்படியே நம்பித்தான் மற்றவர் "அப்ப எனக்கு வேண்டாம், மனசு போதும்" என்கிறார். நடுவில் இருக்கும் உண்மையான விஷயத்தை இருவருமே பேசமாட்டார்கள். அது அறை.

பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரக் கூரை. நம் ஊர் வீடுகளில் பாதி அறைகள் இப்படித்தான். ஒலிக்கு இதைவிட மோசமான வடிவத்தை யோசித்துக் கட்டுவது கஷ்டம். பத்தடி நீளத்துக்கு 56 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே 56. பேஸ் கிட்டாரின் இரண்டாம் தந்தி கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. ஆகவே பாட்டில் அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் ஜன்னல் கம்பி அதிரும், மற்ற சுரங்கள் எங்கே போயின என்றே தெரியாது. சுவரில் சாய்ந்து கேட்டால் அந்தச் சுரம் பூதாகரம், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமல் போகும். நாற்காலியை மூன்றடி நகர்த்துவதற்கு என்ன செலவு? அதில் வரும் மாற்றத்தைக் காது மங்கியவர்கூடக் கண்டுபிடிப்பார், பதினாறுக்குப் பதினாறு. மீதி எதிரொலிக்கு, பக்கச் சுவரில் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தால் போதும், பின்னால் புத்தக அலமாரி. இலக்கியவாதி வீட்டில் அதற்கா பஞ்சம்? மெத்தை பேஸைத் தொடாது, அதற்கு ஒன்றரை மீட்டர் கனத்தில் பஞ்சு வேண்டும். அங்கேதான் நாற்காலி.

இப்போது என் அறையில் இருப்பதைச் சொல்கிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய ஆறரை இஞ்ச் வூஃபர் இரண்டு, ட்வீட்டர் இரண்டு. பெட்டி பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட், தெருமுனைத் தச்சர் அறுத்துக் கொடுத்தார். கிராஸ்ஓவருக்கான காயிலை மோட்டார் காயில் கட்டும் கடையில் சுற்றி வாங்கினேன். "எந்த மோட்டாருக்கு சார்?" என்று கேட்டார், பாட்டுக்கு என்றதும் சிரித்துவிட்டு இன்னும் கவனமாகச் சுற்றினார். ஆம்ப்ளிஃபையர் டிபிஏ3116 சிப் வைத்த சின்ன போர்டு. அதற்கு மின்சாரம், செத்துப்போன என் ஆபீஸ் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர். எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அந்த ஒயரைவிட ஏழாயிரம் கம்மி.

இதையெல்லாம் இவ்வளவு சூடாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. முப்பது வருஷம் கூம்பு ஒலிபெருக்கிகளுக்கு அடியில் நின்ற காது. இப்படிப்பட்ட இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. ச, ஸ, த எல்லாம் மங்கும், பேச்சு கேட்கும் ஆனால் புரியாது. கேட்கும் கருவி வாங்கிக்கொடுத்தோம், பேச்சுக்கு ஓரளவு உதவுகிறது. பாட்டுக்கு அவரிடமும் செல்போன்தான் இருந்தது. செல்போன் ஸ்பீக்கருக்கு எங்கே பலமோ, அங்கேதான் அவர் காதுக்கு பலவீனம். அவர் காதில் இன்னும் உயிரோடு இருக்கும் பகுதியோ, செல்போனில் இல்லவே இல்லை. இரண்டு வருஷமாக அவர் பாட்டே கேட்கவில்லை என்பதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். கேட்டதற்கு, "இப்பல்லாம் எதுவும் மனசுல ஒட்டமாட்டேங்குது கண்ணு, வயசாயிருச்சு" என்றார். மனசு! ஊருக்கே பாட்டுப் போட்ட மனுஷன் தன் மனசில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் வந்திருந்தபோது அந்த நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பழைய கச்சேரியைப் போட்டேன். கேட்கும் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். பாட்டு முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவருடைய இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. வலது கை சும்மா இருந்தது. கால்மணி நேரம் கழித்து, "தொப்பிக்கு ரவ கொஞ்சம் கூடப் போட்டுட்டான்" என்றார். பிறகு எழுந்து போய் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓட்டை எத்தனை இஞ்ச், பைப் எவ்வளவு நீளம் என்று விசாரித்தார். சொன்னேன். அரை இஞ்ச் கம்மி பண்ணச் சொன்னார்.

டீக்கடை நண்பருக்கு இதை எழுதும் முன்பே ஒரு செய்தி அனுப்பிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, உங்கள் கட்டுரையையும் எடுத்துவாருங்கள், அந்த இரண்டு பத்தியைப் பாட்டோடு வைத்துப் பார்க்கலாம் என்று. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பைப்பை இன்னும் அறுக்கவில்லை. அதற்குள் அறுத்துவிட வேண்டும்.