வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

ரெட்டியார்பாளையம் மெயின் ரோட்டு டீக்கடையில் இந்த வாரம் குத்துச்சண்டைப் பேச்சுதான். ஒரு பையனின் செல்போனில் பழைய காணொளி ஓடியது. 2024 செப்டம்பர் 21, லண்டன் வெம்ப்ளி மைதானம். 96,000 பேர் பார்த்திருக்க, டேனியல் டுபுவாவிடம் குத்து வாங்கி ஐந்தாவது ரவுண்டில் குப்புற விழுகிறார் ஆண்டனி ஜோஷுவா. பத்தே மாதம். அதே மைதானத்தில், அதே ஐந்தாவது ரவுண்டில், உக்ரைனின் உசிக்கிடம் டுபுவா விழுந்தார். அதையும் போட்டுப் பார்த்தார்கள். விழுந்தவர்களைப் பற்றி அவர்களுக்கு வருத்தமில்லை. "யார் வந்தாலும் மோதணும்டா. ஆள் பார்த்து மேட்ச் புடிக்கிற மேனேஜர் சுத்த பயந்தாங்கொள்ளி" என்று ஒருவன் தீர்ப்புச் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் எரிச்சலைக் கிளப்பியது.

ஜிம் விக்ஸ் என்று ஒருவர் இருந்தார். பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பரின் மேனேஜர். அந்தத் தீர்ப்புக்குப் பதில் சொல்ல அவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கூப்பர் சுவர்ப்பூச்சு வேலை பார்த்தவர், பிறகு வெம்ப்ளியில் காய்கறிக்கடை போட்டவர். அவருடைய இடது கைக் குத்துக்கு 'சுத்தியல்' என்றே பெயர். ஆனால் புருவத்துத் தோல் லேசானது. கொஞ்சம் பட்டாலே கிழிந்து முகமெல்லாம் ரத்தமாகிவிடும். அந்தப் புருவத்தை மனத்தில் வைத்துத்தான் விக்ஸ் மேட்ச் பேசினார். பேட்டிகளில் எப்போதும் 'நாங்கள்' என்றுதான் சொல்வார், தானும் சேர்ந்து அடிவாங்குவது போல. எதிராளிகளைக் கதிகலங்க வைத்த சன்னி லிஸ்டனோடு மோதும் பேச்சு வந்தபோது, பணத்தைப் பாராமல் முடியாது என்றுவிட்டார். அந்தக் கூப்பர்தான் பிரிட்டிஷ் சாம்பியனுக்குத் தரும் லான்ஸ்டேல் பெல்ட்டுகள் மூன்றைச் சொந்தமாக்கிக்கொண்ட ஒரே ஆள். 1963 ஜூன் 18 அன்று, நான்காவது ரவுண்டு முடியும் நேரத்தில் இளம் காசியஸ் கிளேயைத் தரையில் சாய்த்தவரும் அவரே. மணி அடித்ததும் கிளேயின் கிளவுஸில் இருந்த கிழிசலைக் காட்டி, அவர் தெளிவதற்குச் சில நொடிகள் தேடிக் கொடுத்தார் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி. அடுத்த ரவுண்டில் கூப்பரின் புருவம் கிழிந்தது, சண்டையை நிறுத்தினார்கள்.

காசியஸ் கிளே முகமது அலியாகி, 1980 தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்திருக்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். நேரு ஸ்டேடியத்தில் அலியோடு காட்சிச் சண்டை போட்டவர் ஜிம்மி எல்லிஸ், அலியின் லூயிவில் ஊர்க்காரர், முன்னாள் உலகச் சாம்பியன். பயிற்சியில் கண்ணில் அடிபட்டுப் பார்வை கெட்டு 1975லேயே ஓய்வுபெற்றவர். கூட்டம் ஆரவாரம் செய்தது. அப்போது அலிக்கு 38 வயது. ஓய்வு பெற்றுவிட்டதாக அறிவித்திருந்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். அலி மறுபடியும் ரிங்கில். எதிரே லாரி ஹோம்ஸ். அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி சண்டை வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்து, கேட்பாரில்லாமல் 1977லேயே விலகிப் போயிருந்தார். பத்து ரவுண்டு அடி. பதினொன்றாவதுக்கு அலியை எழவிடாமல் சண்டையை நிறுத்தியவர் அதே டண்டி. அதற்குப் பிறகும் 1981 டிசம்பரில் நசாவில் ட்ரெவர் பெர்பிக்கோடு இன்னொரு சண்டை. 1984இல் பார்க்கின்சன் நோய் என்றார்கள். அலியின் மேனேஜர் ஹெர்பர்ட் முகமது அந்த இரண்டு சண்டைகளையும் தடுத்திருக்க வேண்டும். அலி கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். சொல்லியாவது இருக்க வேண்டும்.

நம்மூரில், வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளில், வாத்தியார்தான் எல்லாம். காலசைவு சொல்லித் தருபவர், மேட்ச் பேசுபவர், ரவுண்டு நடுவே முகத்தைத் துடைத்துவிடுபவர். பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வந்ததிலிருந்து பசுபதியின் ரங்கன் வாத்தியாரைக் கொண்டாடாதவர்கள் இல்லை. கொண்டாட வேண்டிய நடிப்புதான். ஆனால் அந்த வாத்தியார், தோற்றால் சார்பட்டா இனி ரிங் ஏறாது என்று எதிர்ப் பரம்பரையின் வாத்தியார் துரைக்கண்ணுவிடம் பந்தயம் கட்டுகிறார். மானம் பரம்பரைக்கு, அதற்காக வாங்கும் குத்து பையனுக்கு. குத்துச்சண்டையே வேண்டாம் என்று நாயகன் கபிலனை முதலிலிருந்து தடுப்பவர் அம்மா பாக்கியம்தான். இந்த விளையாட்டுக்குப் போன புருஷன் ரவுடியாகிச் செத்ததைப் பார்த்தவர் அவர். அவரை விவரம் தெரியாத அம்மாவாகப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய.

சார்பட்டா இரண்டாம் பாகத்தை 2023இல் அறிவித்தார்கள். அதில் ரங்கன் வாத்தியார் ஒரே ஒரு மேட்சையாவது, "என் பையன் இதுக்கு ஏறமாட்டான்" என்று ஊர் பார்க்க மறுக்கட்டும்.