1750 என்று சொல்லாதீர்கள்

 

பதுளை டவுனில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு: "தோட்டத்து ஆட்களுக்கு இப்ப நாளைக்கு 1750. இனி என்ன குறை?" கடையில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், ஸ்டாஃப் ரூமிலும் கேட்டேன். இந்தக் கணக்கை ஒருக்கா பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னது இதுதான். நாட்சம்பளம் 1350 இலிருந்து 1550 ஆகும். அதற்கு மேல், வேலைக்கு வந்தால் அரசாங்கம் 200 ரூபா வரவு ஊக்கக் கொடுப்பனவு தரும். கூட்டினால் 1750 வரும். ஆனால் கூட்டக் கூடாது. 1550 சம்பளம். 200 சலுகை.

சலுகை என்றால் என்ன? கட்டுநாயக்காவிலும் வளைகுடாவிலும் விமானக் கம்பனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கேளுங்கள். ஊழியர்களுக்கு மலிவு டிக்கெட் உண்டு, ஆனால் அது 'ஸ்டாண்ட்பை'. காசு கொடுத்த பயணிகள் எல்லோரும் போக சீட் மிஞ்சினால்தான் ஏறலாம். விமானம் நிறைந்துவிட்டால் பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான். மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் போனால் "சீட் கிடைக்கவில்லை" என்ற சாட்டு பொதுவாக எடுபடாது. அந்த டிக்கெட்டின் விலையைச் சம்பளத்தோடு கூட்டி "உனக்கு இவ்வளவு சம்பளம்" என்று யாரும் சொல்வதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? அரச ஊழியர்களான நமக்கு வருடத்துக்கு மூன்று ரயில் வாரண்ட். வாரண்ட் கையில் இருந்தும் கோட்டையிலிருந்து பதுளை வரை நின்றுகொண்டே வந்த ஆசிரியர்கள் எத்தனை பேர்! அந்த வாரண்டைச் சம்பளத்தில் கூட்டிக் காட்டினால் நாம் சும்மா இருப்போமா? தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் கூட்டுகிறோம்?

இது பழைய வித்தை. 2009 கூட்டு ஒப்பந்தத்தில் 405 ரூபா என்றார்கள். அடிப்படை 285 தான். வரவுக்கு 90, விலைப் பங்கு 30. 2011 இல் 515 என்றார்கள், அடிப்படை 380. 2013 இல் 620, அடிப்படை 450. அதில் வரவுக் காசு மட்டும் 140. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வராவிட்டால் அது கிடையாது. 2016 இல் 730, அடிப்படை 500. பேப்பரில் பெரிய எண், பே சீட்டில் சின்ன எண்.

2019 ஜனவரியில் வரவுக் காசை எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கினார்கள். மொத்தம் 750. முழுதாக 730 எடுத்தவருக்குக் கூடியது 20 ரூபா. தொகை அநியாயம்தான், ஆனால் வழி சரி. நிபந்தனைக் காசை அடிப்படையில் சேர்க்க முடியும் என்று அன்றைக்கே காட்டியாயிற்று. இன்றைக்கு அதே வரவுக் காசு திரும்பி வந்திருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த 200 உம் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் தோட்டம் அதற்கு ஊழியர் சேமலாப நிதியாக 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியாக 3 வீதமும் கட்ட வேண்டும். நாளைக்கு 30 ரூபா. 25 பேர் போட்டால் மாதம் 750. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவரின் வயோதிபக் காசு அது.

சரி, வேலைக்கு வராதவர் யார்? சோம்பேறியா? கிளினிக் நாளில் பதுளை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த தாய். மண்சரிவு எச்சரிக்கை வந்து லயத்தை விட்டு இறங்கியவர். 2014 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையைப் பார்த்த மாவட்டம் இது. 2025 நவம்பர் டித்வா புயலையும் பார்த்தோம். உயிருக்குப் பயந்து மலை ஏறாதவரை 'வராதவர்' கணக்கில் போடுவதா?

வகுப்பில் நான் பார்ப்பது இன்னொன்று. தம்பிக்குச் சுகமில்லை என்றால் தாய் பேரை விடுவதில்லை, மூத்த மகளை வீட்டில் நிறுத்துகிறாள். தாயின் வரவைக் காப்பாற்ற மகளின் வரவு வெட்டுப்படுகிறது. செக்ரோலில் தாய்க்குப் பேர் விழும் நாளில், என் ரெஜிஸ்டரில் மகளுக்குச் சைபர் விழுகிறது. அந்தச் சைபருக்கு எந்த ஊக்கக் கொடுப்பனவும் ஈடாகாது.

"ஆள் வராவிட்டால் கொழுந்து முற்றிவிடும், தோட்டம் எப்படி நடக்கும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இளம் ஆட்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போவது சம்பளம் போதாததால். அவர்களை மலையில் நிறுத்த நல்ல அடிப்படைச் சம்பளம் வேண்டும், தூண்டிலில் மாட்டிய 200 அல்ல.

200 ஐ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொடுக்கட்டும். ஆனால் தோட்டம் வேலை கொடுக்காத நாளும், எச்சரிக்கை நாளும், கிளினிக் நாளும் தொழிலாளியின் தலையில் விழக் கூடாது. பே சீட்டில் அது தனி வரியில் வரட்டும். அதை அடிப்படையில் சேர்க்க ஒரு திகதியும் சொல்லட்டும். வரவுசெலவுத் திட்டத்தில் வந்த காசு இன்னொரு வரவுசெலவுத் திட்டத்தில் போகவும் கூடும்.

பசறை, ஹாலிஎலை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் கல்லாவும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. கடன் கொப்பியைத் திறக்கும்போது "அதான் 1750 வருதே" என்று சொல்லாதீர்கள். கையில் நிச்சயமாக வருவது 1550. அதிலும் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழியும்.