அரைப்பேர்

'ஏழு தலைமுறைகள்' படித்த பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது பெயர் விவகாரம்தான். காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்தில் பிடிக்கப்பட்டு, 1767இல் அமெரிக்காவின் அன்னாபொலிஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்ட குண்டா கின்டேயை அங்கே டோபி ஆக்கிவிடுகிறார்கள். 1977இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அதை ஒரு சவுக்கடிக் காட்சியாக்கி உலகத்தின் மனத்தில் பதித்துவிட்டது. நாவல் அவ்வளவு சத்தம் போடுவதில்லை. அந்தப் பெயரை உள்ளுக்குள் மறுத்தபடியே அவன் ஆயுளைக் கழிக்கிறான். மகள் பிறந்ததும் தன் மொழியில் கிஸ்ஸி என்று பெயர் வைக்கிறான். இருந்த இடத்திலேயே இரு என்பது பொருள். அவளையும் விற்றுவிடுகிறார்கள்.

அலெக்ஸ் ஹேலி 1976இல் எழுதியதை ஏ.ஜி. எத்திராஜுலு தமிழில் சுருக்கித் தந்தார். இடதுசாரி வாசகர்களின் கைகளில் பல ஆண்டுகளாகச் சுற்றிவந்த புத்தகம் அது. ஹேலி சொன்ன வம்சாவளியை ஆய்வாளர்கள் பின்னர் கேள்விக்குள்ளாக்கினார்கள். இன்னொரு எழுத்தாளரின் நாவலிலிருந்து சில பகுதிகள் வந்துவிட்டதாக வழக்கும் நடந்து, 1978இல் பணம் கொடுத்து அதை முடித்துக்கொண்டார். இவற்றை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. அடிமைக் கப்பல்கள் ஓடியது எவருடைய கற்பனையும் அல்ல.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடியில் இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கிறவர்களுக்கு இந்த மாவட்டத்தின் கதை தெரியாது. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், கல்லுடைக்கும் பெண்களுக்கும் வயலில் நடவு நட்டவர்களுக்கும் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அன்று அரிக்கேன் விளக்கொளியில் 'பட்டா' என்று எழுத்துக்கூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பட்டுக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் கல்லூரி பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் கையில் அமெரிக்க அடிமையின் கதை இருப்பதில் வியப்பு என்ன?

எனக்குள்ள கவலை வேறு. அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது நாம் எல்லோரும் தயங்காமல் குண்டா கின்டேயின் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். கண்ணீரும் எளிதாக வந்துவிடுகிறது. காட்டில் மரம் வெட்டப்போன அவனைப் பிடித்தவர்களில் வெள்ளைக்காரர்களோடு அவன் நிறத்தவர்களும் இருந்தார்கள் என்பதை ஹேலி எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் யாரும் நின்று பேசுவதில்லை.

பேசுவதற்கான விஷயம் நம் கரையிலேயே கிடக்கிறது. மணமேல்குடிக்குப் பக்கத்திலுள்ள அம்மாப்பட்டினம் இன்று இதே மாவட்டத்துக் கடலோர ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன கூலிகள் அங்கிருந்தும் தொண்டி, தேவிபட்டினம் கரைகளிலிருந்தும் தோணி ஏறினார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடை. வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. புதுக்கோட்டைச் சீமை, திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம், சேலம் என்று பஞ்சம் அடித்த இடங்களிலிருந்தெல்லாம் போனார்கள். பஞ்சம் தள்ளியது, கூட்டிக்கொண்டு போனவர் கங்காணி.

கங்காணி வெள்ளைக்காரர் அல்லர். அதே ஊர், அதே பேச்சு, பல நேரம் உறவும்கூட. முன்பணம் கொடுத்துப் பேர் சேர்த்தார். ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத் துரையிடம் வாங்கினார். தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தத் துரை துண்டுக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏலச் சந்தையும் சங்கிலியும் இல்லாமலே மனிதன் கைமாறினான். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அடிமை முறையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. இங்கே பிள்ளையைப் பிரித்து விற்கும் சட்டம் இல்லை, கடன் இருந்தது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே பேசி எடைபோடட்டும். பேச்சு சூடுபிடிப்பது அங்கேதான்.

பெயர் விவகாரம் அங்கேயும் உண்டு. இலங்கை மலையகத்தில் ஒரு நாள் கூலியையே 'பேர்' என்றுதான் சொன்னார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்கச் சரிவில் நின்றவளுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பாதி ஆள் என்று பதிவு. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்தப் பாதியையும் பிடுங்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. ஆட்களை மூட்டை எண்ணுவதுபோல எண்ணினார்கள். அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியவர்கள் இங்கே வந்திறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார்கள். எந்தக் கரையிலும் சொந்தப் பெயர் போதவில்லை.

இன்னும் கசப்பான ஒன்றும் இருக்கிறது. தோணியில் சாதியும் ஏறிப்போனது. லயம் என்ற தோட்டக் குடியிருப்பில் யாருக்கு எந்த வரிசை, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் ஊரிலிருந்து கொண்டுபோன ஒழுங்குதான். துரைக்கு முன்னால் எல்லோரும் கூலிகள். லயத்துக்குள் மேலும் கீழும் இருந்தது.

தண்ணீர் என்றதும் இந்த மாவட்டத்துப் பிள்ளை எந்த ஊரை நினைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். தலித் மக்களைக் கையோடு கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை கொடுத்தது. அந்த மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்கவில்லை. வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. இரட்டைக் குவளைக்கு மட்டும் குற்றப்பத்திரிகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த டீக்கடையில் எத்தனையோ வருடம் நின்று டீ குடித்த மற்றவர்கள் எந்தக் குவளையில் குடித்தார்கள்?

இந்தக் கேள்வியை வகுப்பறையில் போட்டால் சத்தம் அடங்கிவிடும். அடங்கட்டும். குண்டா கின்டேக்காக அழுத அதே பிள்ளைகள் சற்று நேரம் டெஸ்க்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கட்டும். அடுத்த வாரத்துக்குப் பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' இருக்கிறது, சி.வி. வேலுப்பிள்ளை இருக்கிறார், பூமணியின் 'பிறகு' இருக்கிறது. அதற்கு முன்னால், சிலோன் போய்வந்த குடும்பம் வகுப்பில் யாருக்காவது இருந்தால், வீட்டுக் கிழவியிடம் ஒன்று கேட்டுவரச் சொல்லலாம்: அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை எந்த ஊர்க்காரர்?