சர்வர் சாவியை நான் ஏன் தரவில்லை?



மகள் வீட்டுக்கு ஜெர்மனி போய் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். அங்கே இருக்கும்போது, மும்பையில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து அதன் வழியாக இணையம் பார்க்கிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். உடனே நாலைந்து பேர், "எங்களுக்கும் ஒரு சாவி கொடுங்க" என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன். டீச்சருக்கு மனசு வரவில்லை என்று பேச்சு வந்ததாகக் கேள்வி. அதனால் காரணத்தை எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில், எனக்கு அது எதற்கு? பென்ஷன் வந்ததா என்று பார்க்க வேண்டும். வெளியே போனால் நூலகத்திலும் ரயிலிலும் பொது வைஃபைதான். போதாததற்கு, இங்கே தினமும் திறக்கிற ஒரு தளம் வெளிநாட்டு இணைப்பில் திறக்கவே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று இலவச விபிஎன் செயலி ஒன்றைப் போனில் போட்டேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "அத்தை, இதை நடத்துறவங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. என் போக்குவரத்து முழுவதும் அவர்கள் கணினி வழியாகத்தான் போகிறது. வங்கிப் பக்கத்தில் நான் தட்டுவதை அவர்களால் படிக்க முடியாது, https பூட்டு அதைக் காக்கும். ஆனால் எந்தெந்தத் தளத்துக்கு எப்போது போகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். முகம் தெரியாதவர் இலவசமாகத் தருகிறார் என்றால், அவர் எதில் சம்பாதிக்கிறார் என்று யோசிக்க வேண்டாமா?

அன்றே அந்தச் செயலியை நீக்கினேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது ஓசூரில் கணினி வேலையில் இருக்கிறான். இரண்டு மாலை வீடியோ காலில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பெரிய நிறுவனங்களின் தரவு மையத்தில் ஒரு கணினியின் சிறு பகுதியை மாத வாடகைக்குத் தருகிறார்கள். என் தேவைக்கு மாதம் ஐந்து டாலர் அளவில் முடிந்தது. அதில் லினக்ஸ், அதன்மேல் வயர்கார்டு என்ற இலவச மென்பொருள். 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியிலேயே இது சேர்க்கப்பட்டுவிட்டது. போனில் ஒரு சாவி, சர்வரில் ஒரு சாவி. அதற்குப் பிறகு வைஃபைக்காரருக்குத் தெரிவதெல்லாம், பூட்டிய பொட்டலங்கள் மும்பைக்குப் போகின்றன என்பது மட்டுமே. நான் பார்க்கிற தளமோ, நான் மும்பையிலிருந்து வருவதாக நினைக்கிறது.

இதில் ஒரு தவறும் செய்தேன். "டீச்சர், பாஸ்வேர்டு போட்டு நுழையற வழியை உடனே மூடிடுங்க, சாவி மட்டும் போதும்" என்றான். காலையில் செய்துகொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் பதிவேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக, யார் யாரோ 'ரூட்', 'அட்மின்' என்ற பெயர்களில் நுழைய முயன்றிருக்கிறார்கள். நல்லவேளையாக யாரும் உள்ளே வரவில்லை. என்னைக் குறிவைத்து வந்தவர்கள் அல்ல. இணையத்தில் எந்தக் கணினியை வைத்தாலும் கதவைத் தட்டிப் பார்க்கிற தானியங்கி நிரல்கள் அவை. வாடகைக்கு எடுப்பது சுலபம், காவல் காப்பதுதான் வேலை என்று அன்று புரிந்தது.

இப்போது சாவி விஷயத்துக்கு வருகிறேன். அந்த சர்வர் என் பெயரில், என் கார்டில் எடுத்தது. அதன் வழியாக யார் எதைச் செய்தாலும் வெளியே தெரிவது எனக்குக் கொடுத்த ஐபி முகவரிதான். நம் நாட்டில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. சர்வர் வாடகைக்கு விடுகிறவர்களும் விபிஎன் நடத்துகிறவர்களும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி முகவரி ஆகியவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. நாளைக்கு யாராவது விசாரித்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். என்ன சொல்லுவேன்?

துபாயில் இருக்கிற அண்ணன் மகன், "வாட்ஸ்அப்பில் பேச மட்டும்தான் அத்தை" என்றான். அவனுக்காகத்தான் அதிகம் பயந்தேன். அங்கே 2021-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றிக் காட்டினால் சிறையோ, குறைந்தது 5 லட்சம் திர்ஹம் அபராதமோ, இரண்டுமோ என்கிறது. விபிஎன் வைத்திருப்பதே அங்கே குற்றமில்லை. ஆனால் எது குற்றம் என்று அந்த நாடு முடிவு செய்யும், அத்தை அல்ல. பிள்ளையின் வேலைக்கே ஆபத்து வருகிற விஷயத்தில் நான் தாராளம் காட்ட முடியாது.

இன்னொன்று. இதைத் தாயத்து மாதிரி நினைக்காதீர்கள். பொய் லிங்க்கைத் தொட்டு ஓடிபி சொல்லிவிட்டால் எந்த சர்வரும் காப்பாற்றாது. ஓடிபி வர நம் ஊர் சிம்முக்கு ரோமிங் வேண்டும், அதற்கும் சர்வருக்கும் சம்பந்தமில்லை. தரவு மையத்து முகவரியிலிருந்து வந்தால் சந்தேகப்பட்டு நிறுத்தும் தளங்களும் உண்டு. சர்வரை வாடகைக்கு விட்டவருக்கு நீங்கள் யார் என்பது நன்றாகத் தெரியும். யாரை நம்புகிறோம் என்பதுதான் மாறுகிறது, நம்பவேண்டிய தேவை போய்விடவில்லை.

ஆகவே என் கருத்து இது. அப்டேட் போட்டு, பதிவேடு பார்த்து, பராமரிக்கப் பொறுமை இருந்தால் உங்கள் பெயரிலேயே ஒன்று எடுங்கள். இருக்கிற நாட்டின் சட்டத்தை முதலில் விசாரியுங்கள். பொறுமை இல்லையென்றால் வங்கி வேலைக்குப் பொது வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள், அதுவே போதும். இலவசச் செயலி மட்டும் வேண்டாம். வேலை முடிந்ததும் சர்வரை அணைத்து வைத்தால் போதாது, பல இடங்களில் அழித்தால்தான் வாடகை நிற்கும். நான் ஊர் வந்த அன்றே என்னுடையதை அழித்துவிட்டேன்.

சாவி கேட்டவர்கள் கோபம் விட்டுப் போன் செய்யுங்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். சாவி தர மாட்டேன், எப்படிச் செய்வது என்று எத்தனை தடவை கேட்டாலும் சொல்லித்தருவேன். முப்பத்து நான்கு வருஷம் அதைத்தானே செய்தேன்.