தோள்ல நீலம் பாய்ஞ்சா அது வீரம் இல்லைங்க

வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறதால, நீலகிரியில பழைய .303 ரைஃபிள் கதைகளுக்குப் பஞ்சமில்ல. "கழுதை மாதிரி உதைக்கும் டாக்டர்!"னு பெருமையா சொல்வாங்க. எனக்கு அந்தப் பெருமையில உடன்பாடில்ல.

லீ என்ஃபீல்டு சுமார் 4 கிலோ. தோள்ல பதியுற முனையில உலோகத் தகடு, மெத்தை கிடையாது. பயந்து தளர்வா பிடிச்சா துப்பாக்கி தனியா வேகமெடுத்து வந்து இடிக்கும். இறுக்கிப் பிடிச்சா உங்க உடம்பு எடையும் சேர்ந்து, இடி வெறும் தள்ளலா மாறிடும். காரை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உள்பக்கம் ஒரு சதைக்குழி இருக்கு பாருங்க, அங்கதான் பதியணும். எலும்பு மேல வேண்டவே வேண்டாம்.

ரப்பர் பேட் வெச்சா சிரிக்கிறவங்க கவனிங்க: வலிக்குப் பயந்தவன் அடுத்த குண்டுக்கு முன்னாடியே கண்ணை மூடி விசையை வெடுக்குன்னு இழுப்பான். குறி எப்படிங்க படும்?

மறுநாளும் கையைத் தூக்க முடியலைன்னா, நீலகிரித் தைலத்தைத் தேய்ச்சுட்டு உட்காராம வந்து எக்ஸ்ரே எடுங்க.