அச்சு ஏன் முறிந்தது?

செங்கற்பட்டு ஜில்லாவில், மதுராந்தகத்திற்குத் தெற்கே, சென்னை - திருச்சி பெருஞ்சாலையில் அச்சரப்பாக்கம் என்ற ஊர் இருப்பது தோழர்களுக்குத் தெரியும். அவ்வூருக்கு அப்பெயர் வந்த விதத்தைப் பற்றிக் கோயில் புராணம் கூறுவதாவது: சிவன் முப்புரத்தை எரிக்கத் தேரேறிப் புறப்பட்டானாம், பூமியே தேராம், சூரியனும் சந்திரனும் இரு சக்கரங்களாம், பிரமன் சாரதியாம், புறப்படுமுன் பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டபடியால் அவர் கோபங்கொண்டு தேரின் அச்சை முறித்துவிட்டாராம், பிறகு தகப்பன் மகனைக் கும்பிட்ட பின்பே தேர் நகர்ந்ததாம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கமாகிப் பின் அச்சரப்பாக்கமாயிற்றாம்.

தகப்பன் மகனைக் கும்பிட்ட அழகை நாம் இப்போது ஆராயப் புகவில்லை. நாம் கேட்பது ஒன்றே. அச்சு முறிந்தால், அதன் இரும்பு எத்தகையது, ஏற்றிய பாரம் எவ்வளவு, எந்த இடத்தில் விட்டது என்று பார்ப்பதா, அல்லது யாருக்குத் தேங்காய் உடைக்காமல் விட்டோம் என்று பார்ப்பதா? முன்னதைப் பார்க்கின்றவன் கொல்லன். பின்னதைப் பார்க்கச் சொல்லுகின்றவன் புரோகிதன். நம் ஜனங்களுக்கு எத்தனையோ தலைமுறையாகப் பின்னவன்தான் வாத்தியார்.

நிற்க, சூரியனைச் சக்கரமாகப் பூட்டிய கதை இப்படியிருக்க, சூரிய வெளிச்சத்தைக் கொண்டே மெய்யாக ஓடும் வண்டியும் உலகத்தில் இருக்கின்றது. 1982 டிசம்பரில் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், லாரி பெர்க்கின்ஸ் என்ற இருவர் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த்திலிருந்து அத்தகைய வண்டியில் புறப்பட்டு, சுமார் 4000 கிலோமீட்டர் கடந்து, மூன்று வாரத்திற்குள் சிட்னி சேர்ந்தார்கள். 1987 முதல் அந்நாட்டில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3000 கிலோமீட்டர்ப் பந்தயம் நடத்தப்படுகின்றது. கலந்துகொள்ளுகின்றவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். 2023இல் முதலாவதாக வந்த பெல்ஜிய மாணவர்களின் வண்டி மணிக்குச் சராசரி 88 கிலோமீட்டர் ஓடிற்று.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்த வருஷத்து விதிப்படி முதல் வகுப்பு வண்டிகளின் சூரியத் தகட்டுக்கு நான்கு சதுர மீட்டர்தான் இடம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1000 வாட். நல்ல தகடும் அதில் கால்வாசியைத்தான் மின்சாரமாக்கும். ஆகவே வண்டிக்குக் கிடைப்பதெல்லாம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரமே! அதைக்கொண்டு மனிதனை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டுமானால் வண்டியின் கூடு லேசாகவும், காற்றுக்கு வழிவிடுவதாகவும் இருக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளும் சக்தியோ எட்டு மடங்கு வேண்டும். ஆதலால் மாணவர்கள் கூட்டின் ஒவ்வொரு வளைவையும் கணக்கிட்டு, அதற்கேற்ற அச்சு செய்து, கரிநாரால் நெய்த துணியை அதில் அடுக்கடுக்காகப் பரப்பி, பிசின் ஊட்டி, காற்றை உறிஞ்சி இறுக்கி, சூடேற்றிக் கெட்டியாக்கி எடுக்கின்றார்கள். இந்த அச்சுக்கு எந்தப் பிள்ளையாரும் கோபித்துக்கொள்ளக் காணோம். பிசின் கலக்கும் அளவு தவறினால் மட்டும் கூடு கெட்டுப்போகும். அதற்குப் பரிகாரம் மறுபடியும் சரியாக அளப்பதுதான்.

நம் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் 2023ஆம் வருஷத்துப் பந்தயத்திற்கென்று இத்தகைய வண்டியொன்றை உருவாக்கினார்கள். இதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். குழுவுக்கு 'அக்னிரத்' என்றும், வண்டிக்கு 'ஆக்னேயா' என்றும் பெயரிட்டிருக்கின்றார்கள். கணக்கு மனிதனுடையது, உழைப்பு மனிதனுடையது. பெயர் மாத்திரம் யாக குண்டத்திலிருந்து வரவேண்டுமா? போகட்டும், வண்டி பெயரால் ஓடுவதில்லை. ஆனால் 1959இல் ஆரம்பிக்கப்பட்ட அந்த ஸ்தாபனத்தில் பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்குவது 2008இல்தான் தொடங்கிற்று என்பதை மறந்துவிட முடியாது. அரை நூற்றாண்டாகக் கொல்லன் மகனும் தச்சன் மகனும் வெளியிலேயே நின்றார்கள்.

இது புராணம், வெறும் உருவகம், இதற்கேன் இவ்வளவு ஆத்திரம் என்று சில பண்டிதர்கள் கேட்கலாம். உருவகமானால், 2019 அக்டோபர் 8ந் தேதி பிரான்சில் ரஃபேல் யுத்த விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது எதற்காக? விமானத்தைச் செய்தவன் அந்தப் பழத்தையும் கணக்கில் சேர்த்தா செய்தான்?

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய காரியமும் அல்ல. 2022 ஏப்ரல் 27ந் தேதி தஞ்சைக்கருகில் களிமேட்டில் அப்பர் விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உள்பட 11 பேர் மாண்டார்கள். மாணவர்கள் தங்கள் வண்டியின் ஒவ்வோர் அங்குலத்தையும் அளக்கின்றார்கள். தேர் இழுப்பதிலோ, கண்டதேவியில் நடந்ததுபோல், வடத்தைத் தொடக்கூடிய ஜாதி எது என்று கோர்ட்டு வரை போய் அளக்கின்றோம்.

ஆகவே அச்சரப்பாக்கம் தோழர்களானாலும் சரி, மற்ற ஊர்த் தோழர்களானாலும் சரி, அடுத்த தேருக்கு வரி வசூலிக்க வருகின்றவர்களிடம், தேரின் உயரம் எத்தனை அடி, கம்பியின் உயரம் எத்தனை அடி, அச்சைக் கடைசியாகச் சோதித்தவர் யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்களுக்குக் காலணாவும் கொடுக்க வேண்டாம்.